ராப்டரில் 2,900 கிலோ டிரெய்லர்: பின்னால் அமுங்குகிறது, முன்னால் லேசாகிறது, வழி என்ன?

செம்மண்_சக்கரம்:

வண்டி மூன்றாம் தலைமுறை ஃபோர்டு எஃப்-150 ராப்டர் பிக்கப். 3.5 லிட்டர் ட்வின் டர்போ, 35 அங்குல டயர். இழுப்பது இரட்டை ஆக்சில் கேரவன், சாமான் ஏற்றிய பிறகு 2,900 கிலோ. இழுவைத் திறன் 8,200 பவுண்டு, அதாவது சுமார் 3,720 கிலோ என்று போட்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் 800 கிலோ மிச்சம் இருக்க வேண்டும். ஆனால் மாட்டினதும் பின்பக்கம் 70 மி.மீ. இறங்குகிறது, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது, ஸ்டியரிங் லேசாகிறது. 90 கி.மீ. வேகத்தில் பெரிய லாரி ஒன்று தாண்டினால் டிரெய்லர் வால் ஆட்டுகிறது.

டிரைவர் கதவுத் தூண் ஸ்டிக்கரில் ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 1,310 பவுண்டு (சுமார் 595 கிலோ) என்று இருக்கிறது. உள்ளே நாலு பேர், மொத்தம் 210 கிலோ. டங் வெயிட் இன்னும் பார்க்கவில்லை.

பின் காயில் ஸ்ப்ரிங்குக்குள் ஏர்பேக் (காற்றடைத்துத் தூக்குகிற பை) போட்டால் சரியாகுமா? 37 அங்குல டயருக்கு மாறுகிற எண்ணமும் இருக்கிறது, அது இழுவையைப் பாதிக்குமா? வார நாளில் ஆஃபீஸ், வார இறுதியில் மணல் என்று ஓடுகிற வண்டி, அதனால் சஸ்பென்ஷனைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

---

ஆக்சில்_கணக்கு:

நீங்கள் பார்க்கிற எண் தப்பு. இந்த வகை வண்டியில் 8,200 தீருவதற்கு ரொம்ப முன்னாலேயே 1,310 தீர்ந்துவிடும். கணக்கைப் போடுங்கள். டங் வெயிட், அதாவது டிரெய்லரின் மூக்கு வண்டியின் ஹிட்ச் பந்தின் மேல் கீழ்நோக்கி அழுத்துகிற எடை, டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 13 என்று வைத்தால் 375 கிலோ. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (ஸ்ப்ரிங் பார்களால் எடையை முன் ஆக்சிலுக்கும் டிரெய்லருக்கும் பிரித்துத் தருகிற ஹிட்ச்) ஒரு 45 கிலோ. ஆட்கள் 210. கூட்டினால் 630. ஸ்டிக்கர் அனுமதிப்பது 595. பெட்டில் (பின்னால் சாமான் தட்டில்) ஒரு தண்ணீர் கேன்கூட வைக்கவில்லை, அதற்குள் 35 கிலோ தாண்டியாச்சு. அந்த 595-இல் டிரைவரும் அடக்கம், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏன் இப்படி? சாதாரண எஃப்-150 பின்னால் லீஃப் ஸ்ப்ரிங்கில் (அடுக்குப் பட்டை ஸ்ப்ரிங்கில்) நிற்கிறது. மூன்றாம் தலைமுறை ராப்டரில் ஆக்சிலைப் பிடிக்க ஐந்து லிங்க், அது பக்கவாட்டில் நகராமலிருக்க பன்ஹார்ட் ராட், 24 அங்குல நீளக் காயில், 15 அங்குல டிராவல் (சக்கரம் மேலும் கீழும் நகர்கிற தூரம்). அந்த டிராவல் முழுக்க மேடுபள்ளத்தை விழுங்கத்தான் ஸ்ப்ரிங் மென்மையாக வைக்கப்பட்டிருக்கிறது. மென்மையான ஸ்ப்ரிங் மேல் 375 கிலோவைத் தொங்கவிட்டால் இறங்கத்தான் செய்யும். இதில் கோளாறு எதுவும் இல்லை. 2021-24 ராம் டிஆர்எக்ஸ் பிக்கப்பும் இதே கதைதான்: 702 குதிரைத்திறன், ஆனால் இழுவை 8,100 பவுண்டு, அதே காலத்து சாதாரண 1500 தம்பி சரியான அமைப்பில் 12,750 வரை போனது. ரேஞ்சர் ராப்டர் 2,500 கிலோ, சாதாரண ரேஞ்சர் 3,500. எஞ்சின் சக்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் எடை மேடைக்குப் போங்கள். மூன்று தடவை நிறுத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாக:

1. டிரெய்லர் இல்லாமல். டேங்க் நிரம்பி, எல்லோரும் உட்கார்ந்து, ஹிட்ச் மாட்டி.
2. டிரெய்லரை மாட்டி, ஸ்ப்ரிங் பார்களைக் கழற்றி.
3. பார்களை இறுக்கி.

உங்கள் அளவுக்கு ஏறக்குறைய வரக்கூடிய உதாரணம்: முதலில் முன் 1,560, பின் 1,310. இரண்டாவதில் முன் 1,430, பின் 1,815. மொத்தத்தில் கூடிய 375 தான் டங் வெயிட். ஆனால் பின் ஆக்சில் கூடியது 375 இல்லை, 505! பந்து ஆக்சிலுக்குப் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் நெம்புகோல் மாதிரி முன்பக்கத்திலிருந்து 130 கிலோவைத் தூக்கிவிடுகிறது. ஸ்டியரிங் லேசாவதும் ஹெட்லைட் மேலே பார்ப்பதும் இதனால்தான். மூன்றாவதில் முன் 1,495, பின் 1,710 என்று வந்தால் ஹிட்ச் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

---

பின்கொக்கி:

மேலே சொன்னதோடு ஒரு சின்னத் திருத்தம். ஹிட்ச் பாரை இறுக்கும்போது கொஞ்சம் எடை டிரெய்லர் ஆக்சிலுக்கும் போகிறது. அந்த உதாரணத்திலேயே பாருங்கள், 3,245 கிலோ 3,205 ஆகிறது. ஆக 35 கிலோ அதிகம் என்பது விளிம்பில் வந்து நிற்கும். ஆனால் அதை நம்பி பெட்டில் ஜெனரேட்டரை ஏற்றாதீர்கள்.

செட்டிங் முறை. தட்டையான இடத்தில் முன் சக்கர வளைவின் உயரத்தை அளவெடுங்கள்: மாட்டாமல் ஒன்று, பார் இல்லாமல் மாட்டி ஒன்று. உதாரணமாக 1,040, 1,064 என்று வந்தால் வித்தியாசம் 24 மி.மீ. பாரை இறுக்கி அதில் பாதியைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அதாவது 1,052. பல மேனுவல்கள் சொல்வது இந்தப் பாதியளவு. உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் வேதம். முழுக்க 1,040-க்கே இழுத்து வருவது தப்பு: பின் டயரின் பிடி குறையும், ஈரச் சாலையில் வளைவில் பின்பக்கம் வழுக்கும்.

ரிசீவரில் (ஹிட்ச் செருகுகிற சதுரக் குழாயில்) ஒட்டியிருக்கிற லேபிளில் இரண்டு வரிசை எண் இருக்கும். வெறும் பந்தில் எவ்வளவு, வெயிட் டிஸ்ட்ரிபியூஷனோடு எவ்வளவு என்று. 2,900 கிலோவுக்கு இரண்டாவது வரிசைதான் உங்களுடையது.

அடுத்தது பந்தின் உயரம். ராப்டர் உயரமான வண்டி, சாதாரண ஹிட்ச் பாரைப் போட்டால் டிரெய்லரின் மூக்கு மேலே நிற்கும். மூக்கு உயர்ந்தால் இரட்டை ஆக்சிலில் பின் ஆக்சில் அதிகம் சுமக்கும், டங் வெயிட் குறையும், வால் ஆட்டம் வரும். டிரெய்லரைத் தனியாக மட்டம் வைத்து நிறுத்துங்கள், கப்ளரின் (பந்தைக் கவ்வுகிற மூக்கு முனையின்) உயரத்தை அளவெடுங்கள், அதற்கேற்ப பந்தைக் கீழே இறக்குகிற டிராப் ஹிட்ச் பார் வாங்குங்கள். எல்லாம் மாட்டி இறுக்கிய பிறகு டிரெய்லர் மட்டமாகவோ மூக்கு ஒரு விரல்கடை இறங்கியோ இருக்க வேண்டும்.

ஏர்பேக் வேண்டாம். மூன்று காரணம். அது பின்பக்கத்தைத் தூக்கும், ஆனால் முன் ஆக்சிலுக்கு எடையைத் திருப்பித் தராது. பார்ப்பதற்குச் சரியாகத் தெரியும், ஸ்டியரிங் அதே லேசாகத்தான் இருக்கும். ஸ்டிக்கர் எண்ணை ஒரு கிலோகூடக் கூட்டாது. கடைசியாக, 15 அங்குலம் நீள்கிற சஸ்பென்ஷனில் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது காயிலுக்குள் இருக்கிற பை இடம் மாறி மடங்கும், சக்கரம் மேலே வரும்போது நசுங்கிக் கிழியும். மணலில் ஓட்டுகிறவருக்கு அது ஒத்துவராது.

---

கிரீஸ்கை:

வால் ஆட்டத்துக்கு டயரையும் பாருங்க. மணலுக்கு 18-20 பிஎஸ்ஐ இறக்கியிருப்பீங்க, திரும்ப ஏத்தும்போது "போதும்"னு 30-ல நிறுத்திடறது வழக்கம். டிரெய்லர் மாட்டறதுக்கு முன்னாடி கதவு ஸ்டிக்கர்ல இருக்கிற அழுத்தத்துக்குக் கொண்டு வரணும், டயர் ஆறியிருக்கிறப்போ. இந்த உயரமான சைடுவால் காத்து குறைஞ்சா பக்கவாட்டுல நெளியும், அந்த நெளிவுதான் லாரி தாண்டும்போது ஆட்டமா வருது. டிரெய்லர் டயர்ல எஸ்டி (டிரெய்லருக்குன்னே செஞ்ச டயர்) வகைன்னா அது மேல அச்சடிச்சிருக்கிற உச்ச அழுத்தம் வெக்கணும். அந்த வகை டயர் நிறைய மணிக்கு 105 கி.மீ.க்குதான் செஞ்சது, அதையும் பாத்துக்கங்க.

பிரேக் கண்ட்ரோலர் (வண்டிக்குள்ளேந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கறது): காலியான சாலையில 35-40 கி.மீ. வேகத்துல கையால அதோட ஸ்லைடரை முழுக்க அழுத்துங்க. டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கிட்டா கெயினை (பிரேக் அழுத்தத்தோட அளவை) ஒரு படி குறைங்க, பூட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிக்கணும். லோடு மாறினா திரும்ப செட் பண்ணணும். ஆட்டம் ஆரம்பிச்சா கால் பிரேக்கைத் தொடாதீங்க. ஆக்சிலரேட்டரை விட்டுட்டு, ஸ்டியரிங்கை நேரா புடிச்சுக்கிட்டு, ஸ்லைடரை மட்டும் அழுத்துங்க, டிரெய்லர் பின்னாலேந்து வண்டியை இழுத்து நேராக்கிடும்.

ஓட்டற மோடு டோ/ஹால் (சுமை இழுக்கறதுக்கானது). பாஹா மோடை (மணல்ல வேகமா ஓட்டறதுக்கானது) மணல்லயே விட்டுடுங்க. சஸ்பென்ஷனைத் தனியா ஸ்போர்ட்ல வெச்சா மேல கீழ துள்றது குறையும், ஆனா அது ஷாக்கோட வேலை, சுமையைத் தாங்கறது ஸ்ப்ரிங்தான். இறங்கின 70 மி.மீ. அப்படியேதான் இருக்கும். பெட்ரோல் 91 ஆக்டேன். குறைஞ்சதுல ஓடும், ஆனா சுமையோட ஏத்தம் ஏறும்போது எஞ்சின் நாக் ஆகாம (தட்டாம) இருக்கத் தன்னோட சக்தியைத் தானே குறைச்சுக்கும்.

மண்ணுல ஓட்டிட்டு வந்து இழுக்கறவங்க தவறவிடறது ஒண்ணு இருக்கு. சேறு ரேடியேட்டர், இண்டர்கூலர் (டர்போ காத்தை ஆத்தறது) இடுக்குல காஞ்சு ஒட்டிக்கும், அடியில இருக்கிற ஸ்கிட் பிளேட் மேலயும் கட்டி நிக்கும். தனியா ஓட்டினா தெரியாது. டிரெய்லரோட ஏத்தம் ஏறும்போது கியர்பாக்ஸ் சூடு ஏறும், டர்போ காத்து ஆறாது, சக்தி குறையும். முதல் நாள் சாயங்காலமே தண்ணி அடிச்சுக் கழுவுங்க, பிரஷர் வாஷர் வேண்டாம், துடுப்பு வளைஞ்சிடும். டிரெய்லர் வயர் மாட்டற 7 பின் சாக்கெட்டையும் திறந்து மண்ணை ஊதி, டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவுங்க. டிரெய்லர் பிரேக் திடீர்னு "இணைப்பு இல்லை"ன்னு சொல்றதுக்குப் பாதி நேரம் காரணம் அங்கதான்.

---

37அங்குலம்:

டயர் கேள்விக்கு மட்டும். ஆக்சில் கியர் விகிதம் 4.10. 35-லிருந்து 37-க்குப் போனால் 4.10 × 35 ÷ 37, அதாவது 3.88 மாதிரி நடக்கும். பத்து கியர் இருப்பதால் தனியாக ஓட்டும்போது தெரியாது. டிரெய்லரோடு ஏறும்போது ஒரு கியர் கீழேயே சுற்றும், பிரேக்குக்கும் பெரிய சக்கரத்தை நிறுத்துகிற வேலை கூடும். கூடுதல் டயர் எடையும் 595 கிலோவிலிருந்துதான் கழியும். மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் இழுக்கிறவர் 35-லேயே இருப்பது நல்லது. கம்பெனி 37 பேக்கேஜ் வேறு விஷயம், அதில் சஸ்பென்ஷனையும் அதற்கேற்ப மாற்றியிருக்கிறார்கள்.

டயர் மாற்றினால் நட்டை 204 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்சால் இறுக்கி, 160 கி.மீ. ஓடினதும் மறுபடி பாருங்கள்.

ஆஃபீஸ் ஓட்டத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி நீங்கலாக அகலம் சுமார் 2.2 மீட்டர், உயரம் 2 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், நீளம் 5.9. உயரத் தடுப்பு 2 மீட்டர் என்று எழுதியிருக்கிற பார்க்கிங்கில் நுழையாதீர்கள். சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றி இழுக்கிற தானியங்கி வாஷும் இந்த அகலத்துக்கு இல்லை.

---

செம்மண்_சக்கரம்:

நன்றி எல்லோருக்கும். ஏர்பேக்கும் 37-ம் கைவிட்டாச்சு. இரண்டே கேள்வி. தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர், டிரெய்லர் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கிறது. நிரப்பிக்கொண்டு போனால் டங் வெயிட் குறையுமே, ஸ்டிக்கர் கணக்குக்கு அது நல்லதுதானே? கடைசி 6 கி.மீ. மண் பாதை, அதில் என்ன கவனிக்க வேண்டும்?

---

ஆக்சில்_கணக்கு:

அந்தத் தொட்டிதான் உங்கள் வால் ஆட்டத்துக்கே காரணமாக இருக்கலாம். ஆக்சிலுக்குப் பின்னால் 150 கிலோ டங் வெயிட்டைக் குறைக்கும், 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆட்டம் அடங்காது. காலியாக ஓட்டி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புங்கள். கனமான சாமானை டிரெய்லர் ஆக்சிலுக்கு நேர் மேலே, தரையோடு வையுங்கள்.

நாலு பேரோடு இந்த வண்டிக்குப் பொருத்தமான டிரெய்லர் எடை சாமானோடு 2,300 கிலோ. டங் 300, ஹிட்ச் 45, ஆட்கள் 210, வண்டியில் வைக்கிற சாமானுக்கு 40 மிச்சம். இப்போதைய கேரவனை அந்த எடைக்குக் குறைக்க முடியாவிட்டால் இரண்டு பேர் வேறு வண்டியில் வருவதுதான் நேர்மையான வழி, கேட்க நன்றாக இல்லாவிட்டாலும். எரிபொருளையும் கணக்கில் வையுங்கள்: தனியாக 100 கி.மீ.க்கு 15 லிட்டர் குடிக்கிற வண்டி, உயரமான கேரவனோடு 26 முதல் 30 வரை போகும். 136 லிட்டர் டேங்கில் 400 கி.மீ.க்கு ஒரு தடவை நிறுத்தத் திட்டமிடுங்கள்.

---

பின்கொக்கி:

மண் பாதை தொடங்குகிற இடத்தில் ஸ்ப்ரிங் பார்களைக் கழற்றிவிடுங்கள். பள்ளத்தில் வண்டியும் டிரெய்லரும் நடுவில் மடங்கும்போது பார்களில் வருகிற அழுத்தம் பல மடங்கு, ஃப்ரேமையோ பிராக்கெட்டையோ வளைத்துவிடும். உராய்வு வகை ஸ்வே பார் (வால் ஆட்டத்தை அடக்குகிற கம்பி) இருந்தால் அதையும். பார் இல்லாமல் 15-20 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள்.

மணல் வந்தால் 4ஏ-வை (தானியங்கி நாலு சக்கர இயக்கம்) நம்பாமல் 4ஹெச், ஆழமாக இருந்தால் 4எல் (தாழ் கியர்). பின் லாக்கர் (இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே வேகத்தில் பூட்டுவது) நேராகப் போகும்போது மட்டும். திருப்பத்தில் பூட்டியிருந்தால் டிரெய்லரின் தள்ளலோடு சேர்ந்து முன்பக்கம் நேராக ஓடும். காற்றை டிரெய்லரிலும் குறைக்கலாம், 2,900 கிலோவோடு ரொம்ப வேண்டாம், நடை வேகத்தில் மட்டும். தார் தொட்டதும் ஏற்றிவிடுங்கள், நல்ல கம்ப்ரசர் ஒன்று பெட்டிலேயே இருக்கட்டும் (அதன் எடையும் அந்த 40-இல்தான்).

சிக்கிக்கொண்டால் முதலில் டிரெய்லரைக் கழற்றுங்கள், இரண்டையும் சேர்த்து இழுக்கப் பார்க்காதீர்கள். வண்டியை இழுத்து மீட்கிற ஸ்ட்ராப்பை ஹிட்ச் பந்தில் மாட்டவே கூடாது. பந்து அந்தத் திடீர் இழுப்புக்குச் செய்ததில்லை, தண்டு ஒடிந்தால் குண்டு மாதிரி கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும். பந்து மவுண்டை உருவிவிட்டு ரிசீவரில் ஷேக்கிள் பிளாக் (இழுப்பு வளையம் உள்ள கட்டை) செருகி அதில் மாட்டுங்கள். முன்னால் என்றால் கம்பெனி வைத்த கொக்கிகள்.

---

கிரீஸ்கை:

மண் பாதை முடிஞ்சதும் பாரைத் திரும்ப மாட்டும்போது சங்கிலியில எத்தனையாவது கண்ணின்னு பெயிண்ட்ல குறி போட்டு வெச்சுக்கங்க. டிரெய்லர் ஹப் ஒவ்வொண்ணையும் கையால தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் மத்ததைவிட சூடா இருந்தா பேரிங் கிரீஸ் போயிருக்கு, இல்லன்னா அந்தப் பக்க பிரேக் உள்ள கல்லு மாட்டியிருக்கு.