பாஸ்டன் டக் போட்: அம்மா, அப்பாவை ஏற்றலாமா?

சார்லஸ்கரை:
ஜூலையில் மதுரையிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். ரோட்டில் ஓடிவிட்டு அப்படியே சார்லஸ் ஆற்றுக்குள் இறங்குமே, அந்த டக் போட்டில் கூட்டிப் போகலாம் என்று ஆசை. அப்பா யூடியூபில் மிசௌரியில் டக் போட் மூழ்கிய விபத்தைப் பார்த்துவிட்டு, "லாரிக்கு எதுக்குடா தண்ணியில வேலை?" என்கிறார். அம்மாவுக்கு முட்டி வலி வேறு. போனவர்கள் சொல்லுங்களேன்.

மால்டன்_வித்யா:
பசங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மொத்தம் 80 நிமிடம் போல, அதில் ஆற்றில் 20 நிமிடம்தான். ஏறும் படி செங்குத்து. அம்மாவுக்கு அதுதான் கஷ்டம்.

எஞ்சின்ரூம்:
கப்பல் எஞ்சின் ரூமில் காலம் தள்ளியவன் நான். இந்த வண்டியைப் பார்த்தாலே பில்ஜ் பம்ப் (அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) எங்கே என்று கண் தேடும்.

அப்பா சொல்வது சரி, அது லாரிதான். 1942இல் ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டரை டன் ராணுவ லாரிக்கு இரும்புத் தகட்டில் படகு உடம்பு கட்டி, பின்னால் புரொப்பெல்லர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸின் நார்மண்டியில் கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றியது இதுதான். 1946லேயே அமெரிக்காவின் விஸ்கான்சின் டெல்ஸ் என்ற ஊரில் சுற்றுலாவுக்கு வந்துவிட்டது.

லாரி என்பதால் சக்கரத்துக்கும், புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டுக்கும் அடிப்பகுதியில் துளை வேண்டும். துளை இருந்தால் கசிவும் இருக்கும், பம்ப் அதை வெளியே தள்ளும். பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சினால் அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பம்பை மீறித் தண்ணீர் வந்தால்தான் ஆபத்து. பழைய வண்டிகளுக்கு, நீர் நிறைந்தாலும் மிதக்கவைக்கும் ஏற்பாடு கிடையாது.

டக் போட் மூழ்கி 1999இல் ஆர்கன்சாவில் 13 பேர், 2018இல் மிசௌரியில் 17 பேர் இறந்தார்கள். இரண்டிலும் ஆட்கள் தப்ப முடியாமல் தடுத்தது கூரை. கூரைக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் அதுவே உங்களை மேலே தூக்கிக் கூரையோடு அழுத்திவிடும்! மிசௌரியில் புயல் எச்சரிக்கை வந்த பிறகும் ஏரியில் இறக்கினார்கள், அதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. 2022இல் வந்த அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு, தண்ணீரில் இறங்கும்போது வழி மறிக்கும் கூரையும் ஜன்னல் திரையும் இருக்கக் கூடாது.

பாஸ்டனில் எனக்கு ஆற்றைவிட ரோடுதான் கவலை. முன்பக்கம் உயரமாக நீட்டிக்கொண்டிருப்பதால் டிரைவருக்கு நேர் எதிரே இருப்பது தெரியாது. 2016இல் ஸ்கூட்டரில் போன பெண் ஒருவர் மேல் டக் போட் மோதி அவர் இறந்துபோனார். அதன்பின் மாநிலச் சட்டப்படி கேமரா கட்டாயம், ஓட்டுபவரே கைடாக ஊர்க் கதையும் சொல்லக் கூடாது.

சார்லஸ்கரை:
நன்றி அண்ணா. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "கூரை இல்லேன்னா வெயில்ல எப்படிடா?" என்று இப்போது அடுத்த பாட்டு.

எஞ்சின்ரூம்:
வழி மறிக்காத கூரை என்றால் சட்டத்தில் தடை இல்லை. காலை முதல் டிரிப்புக்கே டிக்கெட் போடுங்கள், வெயிலும் குறைவு. ஜூலையில் இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். படியில் அம்மாவுக்குப் பின்னால் நீங்கள் ஏறுங்கள்.