‘அடப்ரிவ்ஸ்’ என்பதற்குத் ‘தனியளவு’ எனலாமா?

வணக்கம்.

ஒவ்வொரு வன்தட்டையும் (ஹாட் டிஸ்க்) தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து அதன் மின்சுற்றுப் பலகையில் எழுதிவிடும் எண்களை ஆங்கிலத்தில் ‘அடப்ரிவ்ஸ்’ (adaptives) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி வந்த மூன்று பரிந்துரைகளையும் வாசித்தேன். சென்னை நண்பர் ‘தகவமைவுத் தரவு’ என்கிறார். மட்டக்களப்பு ஆசிரியர் ‘இசைவாக்கத் தரவு’ என்கிறார். ரொறன்ரோ அக்கா ‘பிறப்புக்குறிப்பு’ என்கிறார். பம்பலப்பிட்டியில் பழுது பார்க்கும் மேசையில் பகல் முழுக்க இருக்கிறவன் நான். எனக்குத் ‘தனியளவு’ என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்கு ஒரு வன்தட்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அன்ரி ஒருவர் சித்திரையில் ஒரு வன்தட்டைக் கொண்டுவந்தார். மேசையில் வைத்துப் பாவிக்கிற பெரிய வகை, 12 வோல்ற் அடப்ரரில் ஓடுவது. மருமகன் அவசரத்தில் மடிக்கணினியின் 19 வோல்ற் சார்ஜரைச் செருகிவிட்டார். முனை இரண்டும் ஒரே பருமன். தட்டுக்குள் இருந்தது அன்ரியின் கணவரின் குரல். காலமாவதற்கு முந்திய வருசம் பேரப்பிள்ளைகளுக்கென்று ஊர்க்கதைகளைச் சொல்லிப் பதிந்து வைத்திருக்கிறார்.

“தம்பி, கடையில போட் மாத்திப் பாத்தாங்களாம், சரிவரேல்லயாம். தட்டுச் செத்துப்போச்செண்டு சொல்லிப்போட்டினம்” என்றார். சொல்லும்போது தட்டை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

தட்டுச் சாகவில்லை. தட்டின் அடியில் இருந்த பழைய மின்சுற்றுப் பலகையைப் பார்த்தேன். 12 வோல்ற் வழியில் நிற்கிற காவல் இருவாயி (டயோட்) குறுக்குச்சுற்றாகியிருந்தது. மல்ரிமீற்றரை வைத்ததும் கீச்சென்றது. மின்னழுத்தம் எகிறினால் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பது அதன் வேலை. அது மட்டும் போயிருந்தால் கழற்றிவிட்டே தட்டை ஓடவைத்திருக்கலாம். இங்கே மோட்டரை ஓட்டும் சிப்பிலும் ஒரு சின்னப் பள்ளம், கருகிய வாசம். ஆகவே மாற்றுப் பலகை தேவைதான். கடைக்காரர் இலக்கம் பார்த்துச் சரியான பலகையைத்தான் போட்டிருக்கிறார். மோட்டர் சுழன்றிருக்கிறது, தரவை வாசிக்கும் தலை ‘டிக், டிக்’ என்று தட்டிவிட்டு நின்றிருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உள்ளே போய்விட்டது என்று முடிவுகட்டியிருக்கிறார்.

2000களின் தொடக்கம் வரை வந்த பல தட்டுகளுக்குப் பலகையை மாற்றினால் போதும். பிறகு அடர்த்தி கூடக் கூட, ஒரே தொகுதியில் வந்த இரண்டு தட்டுகள்கூட ஒன்றுபோல இல்லை என்றாகிவிட்டது. தலை பறக்கும் உயரமே சில நனோமீற்றர்தான். அதனால் தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு தட்டையும் அளக்கிறார்கள். எந்தத் தலை எவ்வளவு விலகி நிற்கிறது, எதற்கு எவ்வளவு மின்னோட்டம் கொடுக்க வேண்டும் என்று அளந்து, அந்த எண்களில் ஒரு பகுதியைப் பலகையிலேயே எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் எட்டுக் கால் உள்ள சின்னச் சிப் ஒன்றில். பக்கத்துக்கு நான்கு கால், உடம்பு ஐந்து மில்லிமீற்றர் வரும். மூலையில் குண்டூசி முனையளவு ஒரு குழி இருக்கும், அதுதான் முதலாம் கால். திசை மாறி ஒட்டினால் எல்லாம் போச்சு.

பழைய பலகையில் அந்தச் சிப்பைச் சுற்றி, ஈயம் சீராக இளக உதவும் பிளக்ஸ் பசை தடவி, சூடான காற்றுப் பிடித்து, ஈயம் பளபளத்த கணத்தில் இடுக்கியால் தூக்கினேன். மாற்றுப் பலகையில் இருந்த, வேறு தட்டின் எண்கள் கொண்ட சிப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தேன். தட்டு எழுந்தது. வேறெதையும் தொடாமல் முதலில் முழுப் பிரதி எடுத்தேன். அன்ரியை அழைத்து ஒரு கோப்பை ஓடவிட்டபோது, கதைக்கு முன் அந்த ஐயா தொண்டையைச் செருமுகிற சத்தம் வந்தது. “அவர்தான்” என்றார்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘தகவமைவு’ தமிழ்நாட்டிலும் ‘இசைவாக்கம்’ எங்கள் விஞ்ஞானப் பாடத்திலும் உயிரினம் சூழலுக்கு ஏற்ப மாறுவதைக் குறிக்கின்றன. ஒட்டகத்துக்குச் சரி. இங்கே தட்டு எதற்கும் ஏற்ப மாறவில்லை, யாரோ அதை அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லின் தோலைத்தான் பெயர்த்திருக்கிறோம். அக்காவின் ‘பிறப்புக்குறிப்பு’ அழகான சொல், ஒவ்வொருவருக்கும் வேறு என்பது அதில் இருக்கிறது. ஆனால் கேட்கிறவர் தட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் உற்பத்தித் திகதியையும் தொடர் இலக்கத்தையும் நினைப்பார்.

தையற்காரரிடம் அளவுச்சட்டை கொடுப்பது எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரின் அளவுக்குத் தைத்ததை நாங்கள் போட முடியாது. ‘இந்தத் தட்டின் தனியளவு பழைய பலகையில் இருக்கு, அதை எறிஞ்சுபோடாதேங்கோ’ என்று கவுண்டரில் சொன்னால் விளங்குகிறது. மூன்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை. ‘அளவு’ என்றால் கொள்ளளவு என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ‘தனி’ முன்னால் நிற்பதால் அந்தக் குழப்பம் வரவில்லை.

மாற்றுப் பலகையைத் ‘தானப் பலகை’ எனலாம். 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண் தான சங்கம் இருக்கிற ஊர் இது, தானம் என்றால் விளக்கம் வேண்டாம். கண் தானத்திலும் பெறுகிறவருக்குப் பொருத்துவது கண்ணின் முன்பக்கத்து விழிவெண்படலம்தான், விழி அவருடையதே. இங்கும் பலகை பிறருடையது, அளவு தட்டினுடையது.

சிப்பைச் ‘சில்லு’ என்று மட்டும் எழுத வேண்டாம் என்று தமிழ்நாட்டு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்குச் சில்லு என்றால் சைக்கிள் சில்லு. சிப் என்றே இருக்கட்டும். ‘தனியளவுச் சிப்’ என்றும் சொல்லிப் பழக வேண்டாம். சில பலகைகளில் எட்டுக் கால் சிப்பே கிடையாது, அந்த எண்கள் பிரதான சிப்புக்குள் இருக்கும். அங்கே கழற்றி ஒட்டுவதில்லை, வாசித்து எழுத வேண்டும். ‘தனியளவு மாற்றம்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

மிச்சம் ஒன்று. தலைக்குப் பக்கத்தில், மூடிக்குள் இருந்து தலையின் மெல்லிய சைகையைப் பெருக்கித் தருகிற ‘பிரீஅம்ப்’. பௌதிகவியலில் செயற்பாட்டு விரியலாக்கி (ஒப்-அம்ப்) படித்த நாங்கள் அதை ‘முன்விரியலாக்கி’ என்போம், தமிழ்நாட்டில் ‘முன்பெருக்கி’ என்பார்கள். எனக்குப் பெருக்கிதான் வாயில் இலகுவாக வருகிறது. மட்டக்களப்பு ஆசிரியர் என்ன சொல்கிறார்?