வீட்டுக்காரருக்கு ஆதார் ஜெராக்ஸ், ரேஷனுக்குக் கைரேகை: எதைப் பூட்டலாம், எதைப் பூட்டினால் மாட்டிக்கொள்வோம்?

பழைய வண்ணை:

தண்டையார்பேட்டையில் வீடு மாறுகிறோம். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே நாலு பேர் ஆதாரையும் முன்பக்கம், பின்பக்கம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்கிறார் புரோக்கர். அவர் போன், வீட்டுக்காரர் போன், அக்ரிமென்ட் டைப் அடிக்கும் கடை கம்ப்யூட்டர் என்று மூன்று இடத்தில் அது கிடக்கப் போகிறது. கொடுக்காமல் இருக்க முடியுமா? குறைத்துக் கொடுக்க வழி உண்டா?

இன்னொன்று. ஆதாரில் கைரேகையைப் பூட்டி, யாரும் அதை வைத்துச் சரிபார்க்க முடியாதபடி செய்வது நல்லது என்கிறார்கள். அம்மாவுக்கு 66 வயது. ரேஷனில் அவர்தான் விரல் வைக்கிறார், ஐந்து தடவை வைத்தால் ஒரு தடவை விழும். பூட்டினால் ரேஷன், மகளிர் உரிமைத் தொகை, கேஸ் மானியம் ஏதாவது நிற்குமா? அம்மா ஆதாரில் இருக்கும் மொபைல் நம்பர் பழசு, அந்த சிம் இப்போது இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தங்கசாலை:

கடைசியாகப் போகிற போக்கில் சொன்னீர்களே, பழைய மொபைல் நம்பர், அதில்தான் ஆரம்பிக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன நம்பரை கம்பெனி வேறு ஆளுக்கு விற்றுவிடும். அப்புறம் அம்மா ஆதாருக்கான ஓடிபி எல்லாம் முகம் தெரியாத யாருக்கோ போகும். பூட்டுவது, திறப்பது, ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்ற ஹிஸ்டரியைப் பார்ப்பது எல்லாமே அந்த ஓடிபியை நம்பித்தான் இருக்கிறது. அதனால் முதல் வேலை நம்பரை மாற்றுவது.

பழைய சிம் இல்லாததால் அம்மாவை நேரில் கூட்டிப் போய்விடுவதுதான் நிச்சயமான வழி. தபால் நிலையம், சில வங்கிக் கிளைகள், தாலுகா அலுவலகம், மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் இருக்கும் நிரந்தர மையம், எதுவானாலும் சரி. மொபைல் மாற்ற எந்த ஆவணமும் தேவையில்லை, அவர் விரலோ கருவிழியோ போதும். 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 75 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ஆபரேட்டர் டைப் அடித்த நம்பரை உங்கள் பக்கம் இருக்கும் திரையில் ஒவ்வொரு இலக்கமாகப் படித்துப் பார்த்த பிறகே விரல் வைக்க விடுங்கள். அங்கே ஒரு இலக்கம் தவறினால் இன்னொரு 75 ரூபாய், இன்னொரு நாள் வரிசை.

இனி புரோக்கர் விஷயம். 12 இலக்க நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பணம் எடுக்க முடியாது. ஆனால் நம்பர், பெயர், பிறந்த தேதி, முகவரி, போட்டோ ஐந்தும் ஒரே தாளில் கிடைத்தால் வேறொருவர் பெயரில் சிம் வாங்கவும், ஆன்லைன் கடன் கேட்கவும் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் கார்டைப் போட்டோ எடுக்காதீர்கள். மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய் டவுன்லோட் கொடுக்கும்போது 'மாஸ்க்டு' என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்யுங்கள். முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். அது செல்லாத ஆதார் இல்லை, முறையாகக் கிடைப்பதுதான். அந்த பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு, ஆதாரில் உள்ள ஆங்கிலப் பெயரின் முதல் 4 எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம். உங்கள் பெயரும் வயதும் தெரிந்த எவரும் ஊகித்துவிடலாம் என்பதால் அதைப் பெரிய பூட்டு என்று நினைக்க வேண்டாம்.

பிரின்ட் எடுக்கும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஜெராக்ஸ் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், கடைக்காரர் கம்ப்யூட்டரில் திறக்கிறார், அது டவுன்லோட்ஸில் மாதக்கணக்கில் கிடக்கிறது. பிளாஸ்டிக் கார்டு போட்டுத் தரும் கடைகளில் முழு பிடிஎஃப்பும் அப்படியே தங்கும். பென்டிரைவில் கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்று பிரின்ட் எடுங்கள், அவர் டெஸ்க்டாப்பில் காப்பி போட்டிருந்தால் ரீசைக்கிள் பின் வரை அழிக்கச் சொல்லுங்கள். தாளின் குறுக்கே, போட்டோ மேலும் எழுத்து மேலும் படுகிற மாதிரி, 'இந்த முகவரி வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் மடித்து மறைத்து மறுபடி ஜெராக்ஸ் எடுத்துவிடலாம்.

நாலு பேருடையதும் எதற்கு? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவருடையது போதும் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். புரோக்கருக்கு எதுவுமே தேவையில்லை. வீட்டுக்காரருக்குச் சந்தேகம் இருந்தால் தாளில் உள்ள க்யூஆர் கோடை ஆதார் ஆணையத்தின் ஸ்கேனர் செயலியில் காட்டட்டும். பெயர், முகவரி, போட்டோ டிஜிட்டல் கையெழுத்தோடு வரும். ஜெராக்ஸில் போட்டோவை மாற்றி ஒட்டலாம், அதில் முடியாது. அவருக்குமே அதுதான் பாதுகாப்பு.

கல்மண்டபம் ஓரம்:

ரேஷன் பற்றி நான் சொல்கிறேன்.

பயோமெட்ரிக் லாக் போட்டால் கைரேகை, கருவிழி, முகம் மூன்றும் சேர்ந்தே பூட்டப்படும். ஓடிபி மட்டும் வேலை செய்யும். பூட்டியிருக்கும்போது ரேஷன் மெஷினில் விரல் வைத்தால் 330 என்ற பிழை எண் வரும். விரல் சரியாக விழாததற்கு எண் 300. கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது, 'ரேகை விழலம்மா' என்றே சொல்லி இன்னும் நாலு தடவை அழுத்தச் சொல்வார். 330 என்றால் நாற்பது தடவை அழுத்தினாலும் விழாது.

தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம்தான் திறந்திருக்கும். மாத ஆரம்பத்தில் நம் பக்கத்துக் கடைகளில் வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டிலேயே திறந்துவிட்டுக் கிளம்பினால் கடைக்குப் போய்ச் சேரும்போது பூட்டிக்கொண்டிருக்கும். வரிசையில் உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது ஆதார் செயலியில் திறப்பதுதான் கணக்கு. அதற்கு அந்த மொபைல் கையில் இருக்க வேண்டும்.

இதைவிட எளிதான வழி ஒன்று உண்டு. கார்டில் பெயர் உள்ள, ஆதார் இணைத்த யார் வேண்டுமானாலும் விரல் வைக்கலாம், அம்மாதான் வைக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் போய் வாங்குங்கள், அம்மாவுடையது பூட்டியே இருக்கட்டும். வீட்டில் முதியவர்கள் மட்டும் இருந்தால், வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் இருக்கிறது, கடையிலேயே கேளுங்கள். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. ரேகை விழவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பொருள் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24-லேயே எழுத்தில் சொல்லிவிட்டது.

மகளிர் உரிமைத் தொகை, கேஸ் மானியம் இரண்டும் நிற்காது. அவை வங்கிக் கணக்குக்கு நேராக வருபவை, பணம் வருவதில் விரலுக்கு வேலை இல்லை. கேஸ் கம்பெனி ஆதார் சரிபார்ப்புக்கு விரலோ முகமோ கேட்டால் அப்போது மட்டும் திறக்க வேண்டும். ஆனால் அந்தப் பணத்தைத் தெருமுனை வங்கி ஏஜென்டிடம் கைரேகை வைத்து எடுக்கிற பழக்கம் இருந்தால் அது நிற்கும். ஏடிஎம் கார்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள் முகத்தைக் காட்டி வாழ்நாள் சான்று கொடுக்கும் நாளில் திறக்க மறக்கக் கூடாது.

விரல் விழாததற்கு ஒரு வார்த்தை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்கள், மீன் ஆய்கிறவர்கள், சோப்புத் தண்ணீரிலேயே கை வைத்திருப்பவர்களுக்கு ரேகையின் மேடு தேய்ந்துபோகிறது. வயதானால் தோல் வறண்டு கோடு உடைந்து தெரியும். கட்டை விரல்தான் வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பதிவில் பத்து விரலும் இருக்கிறது, எதை வைத்தாலும் பத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். வேலையில் அதிகம் தேயாத மோதிர விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியை முதலில் துணியால் துடைக்கணும், முந்தின ஆளின் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கும். ரொம்ப வறண்ட விரல் என்றால் ஈரத்துணியில் ஒரு தடவை ஒற்றிவிட்டு, நுனியால் குத்தாமல் தட்டையாக வைக்கணும். வெயில் நேராக மெஷின் மேல் அடித்தாலும் படம் வெளுத்துவிடும்.

தங்கசாலை:

கல்மண்டபம் சார் சொன்ன தெருமுனை விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் பூட்டச் சொல்வதே அதற்காகத்தான்.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறைக்கு ஏஇபிஎஸ் என்று பெயர். அதற்கு வேண்டியது மூன்றே: ஆதார் எண், வங்கியின் பெயர், விரல். பின் நம்பர் இல்லை, ஓடிபி இல்லை. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை போகும். ஆதார் எண் ஜெராக்ஸிலேயே கிடைத்துவிடும், வங்கியின் பெயரை ஊகித்துவிடலாம். மூன்றாவதற்கு, பதிவு செய்த பத்திர நகல்களில் இருக்கும் பெருவிரல் ரேகையை எடுத்து அச்சு செய்து விரல் தயாரித்த கும்பல்கள் தெலங்கானா, ஹரியானா, கர்நாடகா என்று பல இடங்களில் பிடிபட்டிருக்கின்றன. 2023-லிருந்து உயிருள்ள விரலா, பொம்மை விரலா என்று சோதிக்கும் மென்பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். அது நல்லதே, ஆனால் அதை மட்டும் நம்பிச் சும்மா இருக்க மாட்டேன்.

அச்சு விரலெல்லாம் கூட இல்லாமல் நடப்பது வேறு. 'விழலம்மா, இன்னொரு தடவை வைங்க' என்பார் ஏஜென்ட். முதல் தடவையே விழுந்திருக்கும். சிம் விற்கும் குடைகளிலும் இதே கதை, இரண்டாவது விரலில் இரண்டாவது சிம். அதனால் தோல்வி என்றால் தோல்வி என்று அச்சடித்த சீட்டைக் கேளுங்கள், அது கிடைக்காமல் மறு தடவை விரல் வைக்கக் கூடாது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் மொபைல் ஓடிபி போட்டுப் பார்க்கலாம், உங்களுடையது இல்லாததை அங்கேயே புகார் செய்து துண்டிக்கலாம்.

வங்கியிலும் ஏஇபிஎஸ் மூலம் பணம் எடுப்பதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள், பல வங்கிகள் செய்து தருகின்றன. அரசுப் பணம் வருவது ஒரே ஒரு கணக்குக்கு என்றாலும், ஆதார் கொடுத்த எல்லாக் கணக்கிலிருந்தும் இந்த முறையில் எடுக்க முடியும். சும்மா கிடக்கும் பழைய கணக்கையும் மறக்க வேண்டாம்.

மூலக்கொத்தளம்:

நீங்கள் இருவரும் சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஜெராக்ஸைச் சரியாகக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்ற தொனிக்கு நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், விரல் போனால் என்ன மாற்றுவது? பூட்டு என்பதே அந்தக் குறைக்கு வைத்த ஒட்டு. அதைத் தாங்களே தேடிப் போட வேண்டியிருக்கிறது, அதற்கும் மொபைல் வேண்டும். 66 வயது அம்மா தனியாக இருந்தால் என்ன செய்வார்?

சட்டத்தில் கையில் பிடிக்கக்கூடிய இடங்களைச் சொல்கிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தார்கள். அதே புட்டசாமி வழக்கில் 2018 செப்டம்பர் 26-ல் 5 நீதிபதிகள் அமர்வு, 4-க்கு 1 என்ற கணக்கில் ஆதார் செல்லும் என்றது. ஆனால் சிம்முக்கும் வங்கிக் கணக்குக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. பான் கார்டோடு இணைப்பதும் அரசு மானியத்துக்குக் கேட்பதும் நிலைத்தன. மாறுபட்ட அந்த ஒருவர் நீதிபதி சந்திரசூட். ஆதார் எங்கே, எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற பதிவுகளை 5 வருடம் வைத்திருக்கலாம் என்ற விதியும் போய் 6 மாதம் ஆனது அந்தத் தீர்ப்பில்தான்.

ஆதார் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 8ஏ என்ற பிரிவு வந்தது. க்யூஆர், மாஸ்க்டு தாள் மாதிரி ஆஃப்லைனில் சரிபார்க்கிறவர் எவரும் ஆதார் எண்ணையோ பயோமெட்ரிக்கையோ வாங்கவோ, சேமித்து வைக்கவோ கூடாது என்கிறது அது. வீட்டுக்காரரிடம் சட்டம் பேசினால் வீடு கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். மாஸ்க்டு கொடுத்ததை அவர் மறுத்தால் சொல்லவாவது ஒரு காரணம் இருக்கட்டும். இன்னொன்று, முன்பு ஆணையம் மட்டுமே குற்றப் புகார் கொடுக்க முடியும். அதே திருத்தத்துக்குப் பிறகு சில குற்றங்களுக்குப் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் போகலாம்.

ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. 2022 மே 27-ல் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே 'ஜெராக்ஸை யாருக்கும் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு கொடுங்கள்' என்று அறிவித்தது. இரண்டே நாளில் அது தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று வாபஸ். யோசனை மட்டும் அன்றும் இன்றும் சரிதான்.

பழைய வண்ணை:

மூவருக்கும் நன்றி. நம்பரையே பூட்டலாம் என்றும் ஒரு தேர்வு தெரிகிறதே, அது வேறா? ஹிஸ்டரியில் என் பெயரில் தெரியாத நிறுவனப் பெயர் ஒன்று இருக்கிறது, பயப்படணுமா?

தங்கசாலை:

வேறு. அது ஆதார் எண்ணைப் பூட்டுவது. பூட்டிய பிறகு 12 இலக்கத்தை எங்கே அடித்தாலும் ஓடிபி கூட வராது, அதற்குப் பதிலாக ஆணையம் தரும் 16 இலக்க மாற்று எண்ணான விஐடியை மட்டும்தான் கொடுக்க முடியும். முதலில் விஐடி எடுத்துக் குறித்து வைக்காமல் பூட்டிவிட்டு, இ-சேவை மையத்தில் நின்று முழிப்பவர்கள் உண்டு. திறப்பதற்கும் விஐடி வேண்டும். அம்மாவுக்கு இது வேண்டாம், பயோமெட்ரிக் பூட்டு மட்டும் போதும்.

ஹிஸ்டரியில் கடந்த 6 மாதம், அதிகபட்சம் 50 பதிவு தெரியும். தேதி, நேரம், விரலா ஓடிபியா, வெற்றியா தோல்வியா, கேட்ட நிறுவனம் எது என்று இருக்கும். அங்கே கடையின் பெயர் வராது, ஆணையத்திடம் அனுமதி பெற்ற பெரிய நிறுவனத்தின் பெயர்தான் வரும். அதனால் பெயர் தெரியாதது என்றவுடன் பயப்பட வேண்டாம். அந்தத் தேதியில் சிம், கேஸ், வங்கி, ரேஷன் எதற்காவது போனீர்களா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விரல் என்று இருந்து, அந்த நேரத்தில் நீங்கள் எங்கும் விரல் வைக்கவில்லை என்றால்தான் விஷயம். உடனே பூட்டிவிட்டு ஆதார் உதவி எண் 1947-ல் சொல்லுங்கள்.

பணமும் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930, பிறகு அன்றைக்கே வங்கிக்கு எழுத்துப் புகார், பெற்றதாக முத்திரை போட்ட நகல் வேண்டும். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் எடுத்த பணம் என்றால், தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பு பூஜ்யம் என்பது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. நாலாவது நாள் போனால் உங்கள் தலையிலும் ஒரு பங்கு விழும். அம்மா கணக்கில் எஸ்எம்எஸ் வரும் நம்பரும் அந்தப் பழைய சிம்தானா என்று பாருங்கள். வங்கியில் இருக்கும் நம்பர் தனி, ஆதாரில் மாற்றினால் அது தானாக மாறாது.