பால் நாளத்தைத் தாண்டாமல் புற்றுசெல்லைத் தடுப்பது எது?

கேள்வி: அக்காவின் பயாப்ஸி அறிக்கையில் டிசிஐஎஸ், அதாவது ஆரம்பநிலை மார்பகப் புற்று, என்று இருக்கிறது. புற்றுசெல்கள் பால் நாளத்துக்குள்ளேயே நிற்கின்றன, வெளியே பரவவில்லை என்றார் டாக்டர். இரண்டு நாளாக அதே யோசனை: அவற்றை உள்ளேயே நிறுத்தி வைப்பது எது?

பதில்: நாளத்தைச் சுற்றி மயோஎபிதீலியல் செல்கள் இருக்கின்றன. பாலூட்டும்போது சுருங்கிப் பாலைத் தள்ளுபவையும் இவைதான். வெறும் சுவர் என்று நினைக்காதீர்கள். 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எலியின் மார்பகத் திசுவில் பார்த்தார்கள்: வெளியே நழுவிய செல்களைப் பெரும்பாலும் இவை பிடித்து உள்ளே இழுத்துவிட்டன. படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இன்னொரு பதில்: அந்த மயோஎபிதீலியல் அடுக்கு இருக்கிறதா என்று பார்க்கத்தான் பி63 சோதனை செய்வார்கள்; அந்தச் செல்களில் இருக்கும் பி63 என்ற புரதத்தைச் சாயமிட்டுப் பார்ப்பதுதான் அது. என் அறிக்கையிலும் இருந்தது. ஆனால் அடுக்கு மெலிந்து உடையவும் கூடும். சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்: சரி, அக்காவிடம் இன்றே பேசுகிறேன். பி63 பற்றியும் டாக்டரிடம் கேட்கிறேன். மிக்க நன்றி.