மைனஸ் 1.9-இலிருந்து மைனஸ் 22-க்கு

பனிக்கடல் போய் வந்தவன் என்றதும் எல்லாரும் பெங்குயின் கதைதான் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு கண்ணாடிக் குழாயின் கதை.

அண்டார்டிகாவின் வெடல் கடல், மார்ச் மாதம். அங்கே கோடை முடிந்து கடல் மறுபடி உறையத் தொடங்கும் நேரம். நள்ளிரவு முதல் நண்பகல் வரை என் ஷிப்ட். கப்பல் நின்று அளவெடுக்கும் புள்ளியை ஸ்டேஷன் என்போம். அது எனக்கு முதல் ஸ்டேஷன். புரொப்பல்லர் கிளப்பிய நீரோட்டம் பனிப்பாளங்களை ஒதுக்கியதில் பக்கவாட்டில் குளம் போல ஓர் இடைவெளி. அதற்குள் சிடிடி என்ற கருவியை இறக்கினோம். உப்பும் வெப்பமும் ஆழமும் அளக்கும் உணரிகள், சுற்றிலும் நீர் மாதிரி பிடிக்கும் 24 நிஸ்கின் பாட்டில்கள்.

4,000 மீட்டருக்கு மேல் ஆழம். நிமிடத்துக்கு 60 மீட்டர் கேபிள் விட்டாலும் இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல். மேற்பரப்பில் மைனஸ் 1.9 டிகிரி. சில நூறு மீட்டர் போனதும் வெப்பநிலைக் கோடு பூஜ்ஜியத்தைத் தாண்டி ஏறியது. கீழே இருப்பது உப்பு கூடிய கனமான நீர், அதனால் வெதுவெதுப்பாக இருந்தும் மேலே வராது. படித்ததுதான், இருந்தாலும் திரையில் பார்த்தபோது உணரி கெட்டுவிட்டதென்றே நினைத்தேன். தரையை நெருங்கும்போது மறுபடி மைனஸ் 0.7-க்குக் கீழே. கரையோரம் கடல் உறையும்போது பனி வெளியே தள்ளிய உப்பால் கனத்த நீர், சரிவில் வழிந்து அங்கே வந்து கிடக்கிறது.

400 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கிய கருவி டெக்கில்தான் மாட்டியது. வெளியே மைனஸ் 22, காற்று வேறு. நேராகச் சூடேற்றிய அறைக்குள் இழுக்க வேண்டும். கதவு ஓடும் தண்டவாளத்தில் பனி இறுகி, கதவு பாதியில் நின்றுவிட்டது. அதைச் சுத்தி வைத்துத் தட்டிச் சரிபார்ப்பது என் வேலை, பார்க்கவில்லை. ஐந்தே நிமிடம். உப்பை அளக்க நீரின் மின்கடத்தலைப் பார்க்கும் கண்ணாடிக் குழாய்க்குள் மிச்சமிருந்த நீர் உறைந்துவிட்டது. பாட்டில் குழாய்களும் அடைத்துக்கொண்டன. ஹீட் கன் பிடித்துத்தான் ஆக்சிஜன் மாதிரி எடுத்தோம். குமிழி புகுந்தால் கெட்டுவிடும் என்பதால் அதுதான் முதல் மாதிரி. அடுத்த முறை இறக்கியபோது இரண்டு உப்பு உணரிகளும் ஆளுக்கொரு கணக்குச் சொன்னபோதுதான் குழாய் விரிசல் விட்டது தெரிந்தது. நல்லவேளை, மாற்றுக் குழாய் இருந்தது. தலைமை விஞ்ஞானி திட்டவில்லை. சுத்தியை எடுத்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

*

நண்பரே, நான் கேபிளை இறக்கி ஏற்றும் வின்ச் ஓட்டுகிறவன். உங்களுக்குக் கதவு, எனக்குத் திமிங்கிலம்.

கருவி மேலே வந்துகொண்டிருந்தது. கேபிளுக்கு மூன்று மீட்டர் தள்ளி, நாங்கள் திறந்து வைத்த அதே குளத்தில் ஒரு மிங்கி திமிங்கிலம் தலைநீட்டி மூச்சு விட்டது. சுற்றுவட்டாரத்தில் மூச்சு விட வேறு இடமில்லை, பாவம். அழுகிய மீன் வாடை டெக் முழுக்க. வின்சை நிறுத்தினேன். அது பக்கத்தில் இருக்கும்போது புரொப்பல்லரைச் சுழற்றவும் முடியாது, சுழற்றாவிட்டால் பாளங்கள் கேபிளை நோக்கி வரும். நீண்ட கம்பால் பனியைத் தள்ளிக்கொண்டே நின்றோம்.

1,150 மீட்டரில் கருவி ஏன் பன்னிரண்டு நிமிடம் அசையாமல் தொங்கியது என்று ஆய்வகத்திலிருந்து கேட்டார்கள். காரணம் எழுதும் கட்டத்தில் "விருந்தாளி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.