தூங்குமூஞ்சி மரத்தடியில் பளபளக்கும் காளான்: கஷாயம் போடலாமா?

மேற்குமாம்பலம்வாசி:
எங்கள் ஃப்ளாட் கேட்டை ஒட்டி ஒரு பழைய தூங்குமூஞ்சி மரம். ஐப்பசி மழை விட்டதும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூன்று தட்டு முளைத்திருக்கிறது. வார்னிஷ் அடித்த மாதிரி செங்கல் சிவப்பு, விளிம்பு மட்டும் வெள்ளை. பக்கத்தில் நிற்கும் என் ஸ்கூட்டர் சீட்டில் தினமும் காப்பிப்பொடி போலத் தூசு. எதிர்மனையில் வீடு கட்டுகிறவரைப் பத்து நாள் திட்டித் தீர்த்தேன். பார்த்தால் தூசு இதிலிருந்து வருகிறது!

மாடிவீட்டு மாமா, "இது ரெய்ஷி என்ற மருந்துக் காளான், கேன்சருக்கே கேட்கும்" என்று ஒன்றைப் பெயர்த்து மொட்டைமாடியில் காயப்போட்டிருக்கிறார். குடிக்கலாமா?

அகார்தட்டு:
மாமாவை முதலில் நிறுத்துங்க சார்.

வர்ணனையைப் பார்த்தால் கேனோடெர்மா என்ற காளான் வகை. அந்தத் தூசு அதன் வித்துத்தூள். அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும், நகத்தால் கீறினால் பழுப்பாகும், பாருங்க.

ஆனால் கேனோடெர்மா என்பது ஒரு குடும்பப்பெயர் மாதிரி. கிண்டியில் இருக்கிறவரும் கும்பகோணத்தில் இருக்கிறவரும் ஒரே ஆள் ஆகிவிட மாட்டார்கள். ரெய்ஷிக்கு வழக்கமாகச் சொல்லும் லூசிடம் என்ற இனப்பெயரே ஐரோப்பாக் காளானுக்கு வைத்தது. சீனாவில் மருந்துக்கு வளர்ப்பது வேறு இனம் என்று 2012-ல் தனிப்பெயரே கொடுத்துவிட்டார்கள். அதே வருஷம் லூசிடம் என்ற பெயரில் ஒரு மரபணுத்தொகுதி வெளிவந்தது: 4 கோடியே 33 லட்சம் டிஎன்ஏ எழுத்து, 16,113 மரபணு. அதில் பி450 என்ற, ஆக்ஸிஜன் சேர்க்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் 24 இடங்களில் கொத்துக்கொத்தாக உட்கார்ந்திருக்கின்றன. இதுதான் விஷயமே. காளானின் மருந்துச் சரக்குக்கு லானோஸ்டெரால் என்ற மூலப்பொருள்தான் மாவு. அதில் எந்த இடத்தில் ஆக்ஸிஜனைச் சேர்ப்பது என்பதை இந்த நொதிகள் முடிவு செய்கின்றன. ஒரே மாவில் இட்லியும் வரும், ஊத்தப்பமும் வரும். தலைமுறை தலைமுறையாக ஒரு மரபணு இரண்டாகும், ஒன்று தொலையும், இன்னொன்று வேலை மாறும். அதனால் அண்ணன் தம்பிக் காளான்களிலேயே சரக்கு வேறாகிவிடுகிறது.

மரபணு இருந்தாலும் அது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. மூன்று வருஷம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டெண்டாக இருந்தேன். வேப்பிலைக்குள் வாழும் ஒரு பூஞ்சை, உருளைக்கிழங்கு அகார் என்ற வளர்ப்புக் கூழில் முதல் மாதம் தட்டு முழுக்கக் குங்குமச் சிவப்பு. தட்டு மாற்றி மாற்றி வளர்த்ததில் ஆறாம் மாதம் வெளுத்த பஞ்சு. சரக்கைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி சோதனையில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. கைடு என்மேல் பாய்ந்தார். மரத்தில் எதிரி இருக்கும், பசி இருக்கும்; தட்டில் மூன்று வேளைச் சோறு. கடையை ஏன் திறந்து வைக்கும்? அப்போது அது எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை.

தென்னந்தோப்பு:
அக்கா சொல்வது சரி. எங்கள் ஊர்ப்பக்கம் இந்தக் குடும்பம்தான் வில்லன். தென்னையில் தஞ்சாவூர் வாடல் என்பார்கள், 1952 புயலுக்குப் பிறகு கண்டுபிடித்தது. அடித்தண்டில் செந்நிறச் சாறு வடியும். தட்டு வெளியே வரும்போது வேர் ஏற்கெனவே போயிருக்கும். மரத்தைப் பாருங்க, மாமாவை அப்புறம் பார்க்கலாம்.

அகார்தட்டு:
ஆமாம், அதை விட்டுவிட்டேன். மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னினை அரித்துத் தின்னும் கூட்டம் இது. அந்த நொதிகள் பூஞ்சைகளுக்கு வாய்த்தது சுமார் 30 கோடி வருஷம் முன்னால் என்று 31 மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டுச் சொன்னார்கள். இலை பச்சையாக இருக்கிறதே என்று நம்பாதீங்க. வர்தா புயலில் சாய்ந்த மரங்களை நினைச்சுப் பாருங்க.

மேற்குமாம்பலம்வாசி:
நகத்தால் கீறினேன், பழுப்பாகிறது! வாட்ச்மேன் அதில் தன் பேத்தி பெயரையே எழுதிவிட்டார். சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தோம். தெருப்பக்கம் கெட்டி, கேட் பக்கம் பானையைத் தட்டின சத்தம். வண்டிகளை நகர்த்தியாயிற்று, கார்ப்பரேஷனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஓடுகிறது. அதோடு இந்தக் கஷாயம் சேரக்கூடாது என்று நான் சொன்னதும் மாமியே காய்ந்த தட்டை எடுத்துக் குப்பைவண்டியில் போட்டுவிட்டார். மாமா என்னோடு பேசுவதில்லை.