நூலகப் பாடவேளையில் கட்டாய மதிப்புரை தேவைதானா?

கேள்வி: நூலகப் பொறுப்பாசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் நூலகர் பணியிடம் இல்லாததால், தமிழாசிரியரான நானே நூலகப் பொறுப்பையும் கவனித்து வருகிறேன். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வாரத்திற்கு ஒரு நூலகப் பாடவேளை உண்டு. மாணவர்கள் நூலை வீட்டிற்கு எடுத்துச் சென்று, அடுத்த வாரம் ஒரு பக்க மதிப்புரையோடு திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் வருகின்ற மதிப்புரைகளில் பெரும்பாலானவை பின்னட்டை வரிகளின் நகலாகவே இருக்கின்றன. பக்கம் குறைந்த நூல்களுக்கே போட்டி நடக்கிறது. நூல் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்று பீரோவைப் பூட்டி வைத்து, நானே எடுத்துக் கொடுக்கிறேன். மாணவர்கள் விரும்பிப் படிக்க வேறு என்ன செய்யலாம்?

பதில் 1: ஓய்வுபெற்ற நூலகர்

மதிப்புரையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பீரோவைப் பற்றிப் பேச வேண்டும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ஆம் ஆண்டு வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்கள் தாங்களே அலமாரிக்குச் சென்று நூலை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தவரும் அவரே. பிள்ளை ஒரு நூலைப் புரட்டி, பிடிக்காமல் வைத்துவிட்டு, வேறொன்றை எடுப்பதும் வாசிப்பின் பகுதிதான். நீங்கள் எடுத்துக் கொடுக்கும்போது அந்தத் தேர்வு அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

தணிக்கை அச்சம் நியாயமானது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஒவ்வோர் ஆயிரம் நூல்களுக்கும் ஐந்து நூல்கள் வரை தொலைவதை, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, ஏற்கத்தக்க இழப்பு என்கிறது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூல்களும் அரிய நூல்களும் மட்டுமே கட்டாயம் விசாரிக்கப்பட வேண்டியவை. இருநூறு மாணவர்கள் முப்பது வாரங்கள் நூல் எடுத்தால் ஆறாயிரம் வழங்கல்கள். இக்கணக்கில் முப்பது நூல்கள் வரை இழப்பு இயல்பு. இவ்விதி மாநில அரசுப் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், தலைமையாசிரியரிடம் எடுத்துக்காட்டிப் பேசுவதற்கு உதவும். வழங்கல் பதிவேட்டை மட்டும் ஒழுங்காக எழுதுங்கள். அதை இரண்டு மாணவர்களிடமே ஒப்படைத்தாலும் தவறில்லை.

பதில் 2: நடுநிலைப் பள்ளி ஆசிரியை

ஐயா, பக்கம் குறைந்த நூல்களை எடுப்பதைக் குறையாகக் கருத வேண்டாம். ஏழாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தடித்த நூலைக் கையில் வைத்திருப்பது நம்மை நிறைவுபடுத்தவே. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்திருப்பது இதற்காகத்தான். ஆனால் எந்த மாணவர் எந்த நிலை என்று வகுப்பின் முன் அறிவிக்காமல், நான்கையும் கலந்தே பரப்பி வையுங்கள். பாடவேளையின் முதல் பத்து நிமிடங்களில் நீங்களே ஒரு கதையை உரக்கப் படித்து, விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திவிட்டால், அந்த நூலைத் தேடி வருபவர்களை எண்ணி மாளாது. அதே துறை மாணவர்களுக்காக வெளியிடும் தேன்சிட்டு இதழ்களையும் மேசைமேல் கிடத்துங்கள். அவற்றைக் கட்டிவைப்பதில் பயனில்லை.

பதில் 3: கணித ஆசிரியர்

எழுதுவதை முற்றிலும் கைவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பக்கத்திற்குப் பதிலாக, நூலின் உள்ளட்டையில் ஒட்டிய தாளில், அடுத்துப் படிக்கப்போகும் மாணவருக்கு ஒரே ஒரு வரி எழுதச் சொல்லலாம். பிடிக்கவில்லை என்று எழுதவும் உரிமை இருக்க வேண்டும். ஆசிரியருக்காக எழுதும்போது பின்னட்டையை நகலெடுப்பவர்கள், நண்பனுக்காக எழுதும்போது பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. மதிப்பெண் மட்டும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வரும் வாரம் பீரோவைத் திறந்துவிட்டு, ஒருவரித் தாளையும் தொடங்குகிறேன். பத்தாம் வகுப்பிற்கு மட்டும் வழி தெரியவில்லை. அவர்களுக்கு நூலகப் பாடவேளை கால அட்டவணையிலேயே இல்லை.

பதில் 3: கணித ஆசிரியர்

அப்படியொரு பாடவேளை இருந்திருந்தாலும் அதை எங்களைப் போன்றவர்கள் தேர்வுப் பயிற்சிக்கு வாங்கிக்கொண்டிருப்போம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மதிய உணவு இடைவேளையில் நூலக அறையைத் திறந்து வைத்து, அவர்கள் எடுத்துச் செல்லும் நாளை வாரத்தின் எந்த நாளாகவும் விட்டுவிடுங்கள்.